கூரையில சோலார்: அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி பத்து நாள் மீட்டரைப் பாருங்க

வாசகர் கேள்வி: "வீட்டுக்கு 4 கிலோவாட் சோலார் போட ஒரு கம்பெனிக்காரர் வந்து கொட்டேஷன் குடுத்திருக்கார். 30 சதவீதம் மானியம் கழிஞ்சிரும், நாலே வருஷத்துல போட்ட காசு திரும்ப வந்துரும், அப்புறம் கரெண்ட் பில்லே இல்லைங்கிறார். மானியம் இந்த மாசத்தோட முடியுதாம், அதனால வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டணுமாம். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பசங்க ஸ்கூலுக்குப் போயிடுவாங்க, பகல்ல வீடு பூட்டியேதான் கிடக்கும். வருஷத்துக்கு 6,000 யூனிட் ஓடுது. எனக்குப் போடணும்னு ஆசை. என் வீட்டுக்காரர் அந்தக் காசை பேங்க்ல போட்டா வட்டியாவது வரும்ங்கிறார். ஊர் பேரையும் தொகையையும் வெளியில போடாதீங்க. போடலாமா வேண்டாமா?"

வணக்கம்ங்க. முதல்ல அவசரமான விஷயம், வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டாதீங்க. சோலாரே வேண்டாம்னு சொல்ல வரல, நான் சோறு சாப்பிடுறதே இந்தத் தொழில்லதான், கூரை கூரையா ஏறி அளவெடுத்து டிசைன் போட்டுக் குடுக்குற எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் நான். ஆனா உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், அந்த ஆளு சொன்ன கணக்கு எந்தப் பக்கம் இருந்து கூட்டுனாலும் வரல.

நீங்க மானியத்தைப் பத்தி நாலு வரி எழுதியிருக்கீங்க, "பகல்ல வீடு பூட்டியேதான் கிடக்கும்"னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். பேனல் கரெண்டை கொட்டுறது காலையில பத்து மணில இருந்து மதியம் மூணு மணி வரைக்கும், அந்த நேரத்துல உங்க வீட்டுல ஃப்ரிட்ஜும் வைஃபை பெட்டியும் மட்டும்தான் முழிச்சிருக்கும். நீங்க எல்லாரும் வீட்டுக்கு வந்து லைட்டு, ஏசி, இண்டக்ஷன், வாஷிங் மெஷின்னு ஒண்ணொண்ணா போடும்போது சூரியன் ட்யூட்டி முடிச்சு கெளம்பியிருக்கும். அப்போ பகல்ல விளைஞ்ச கரெண்ட் எங்க போகும்? வெளிய லைன்ல போயிரும். அப்படிப் போற ஒவ்வொரு யூனிட்டுக்கும் கரெண்ட் ஆபீஸ்ல உங்களுக்கு என்ன தர்றாங்கங்கிறதுலதான் லாபமா நஷ்டமாங்கிறது இருக்கு, மானியம்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

இதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு நெட் மீட்டரிங், பகல்ல ஒரு யூனிட் குடுத்தா ராத்திரி ஒரு யூனிட் எடுத்துக்கலாம், பக்கத்து வீட்டுக்கு ஒரு படி அரிசி குடுத்துட்டு அப்புறமா ஒரு படி திருப்பி வாங்கிக்கிற மாதிரி. இன்னொண்ணு நெட் பில்லிங், நீங்க குடுக்குற யூனிட்டை அவங்க மொத்த விலைக்கு வாங்குவாங்க, ராத்திரி நீங்க எடுக்குறதை சில்லறை விலைக்கு விப்பாங்க. ரெண்டுக்கும் மொபைல்ல ஒரே மாதிரி பச்சைக் கலர்ல கிராஃப் வரும், ஆனா பில்லுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்க ஊர்ல எதுன்னு கம்பெனிக்காரர்கிட்ட கேட்டீங்களான்னு தெரியல, கேட்டிருந்தாலும் "அதெல்லாம் கரெண்ட் ஆபீஸ்ல பாத்துப்பாங்க மேடம்"னுதான் சொல்லியிருப்பார், எனக்கு இந்த டயலாக் மனப்பாடம்.

தொகையைப் போட வேண்டாம்னு கேட்டிருக்கீங்க, நல்லதாப் போச்சு, இந்தக் கணக்கை எப்பவுமே பணத்துல போடாம யூனிட்ல போட்டாத்தான் உண்மை பளிச்னு தெரியும். கொட்டேஷன்ல இருக்குற தொகையை நீங்க ஒரு யூனிட்டுக்கு கட்டுற விலையால வகுங்க, அவ்ளோதான். உங்களோடதை வகுத்துப் பாத்தேன், மானியத்துக்கு முன்னாடி சுமார் 40,000 யூனிட், 30 சதவீதம் கழிச்சா 28,000 யூனிட். அதாவது கூரை மேல போற அந்த சாமான் உங்களுக்கு 28,000 யூனிட் கரெண்ட் மிச்சம் பண்ணிக் குடுத்த அன்னைக்குத்தான் போட்ட காசு வந்துருச்சுன்னு அர்த்தம்.

நல்ல வெயில் அடிக்கிற ஊர்ல 1 கிலோவாட் வருஷத்துக்கு 1,400 யூனிட் பக்கம் குடுக்கும் (ஜெர்மனி மாதிரி எடத்துல 1,000 யூனிட் பக்கம்தான், அப்படியும் அங்க கூரைக்கு கூரை போட்டிருக்காங்க, அது ஏன்னு பின்னாடி வர்றேன்). உங்க 4 கிலோவாட்டுக்கு 5,600 யூனிட். இப்போ அவர் சொன்ன நாலு வருஷத்தை எடுங்க, 28,000த்தை நாலால வகுத்தா வருஷத்துக்கு 7,000 யூனிட் மிச்சமாகணும். விளையறதே 5,600 தான்! விளையாத கரெண்டையும் சேர்த்து மிச்சம் பண்ணிக் குடுக்குறாராம். யூனிட் விலை வருஷா வருஷம் தாறுமாறா ஏறும்னு உள்ளுக்குள்ள ஒரு சதவீதத்தைப் போட்டு வச்சிருப்பார், கொட்டேஷனோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும், பாருங்க.

சரி, நிஜக் கணக்குக்கு வருவோம். முழு நெட் மீட்டரிங் இருந்தா 5,600 யூனிட்டும் முழு விலைக்குக் கழியும், 28,000த்தை அதால வகுத்தா அஞ்சு வருஷம், ரொம்ப நல்ல டீல், கண்ணை மூடிட்டு போடலாம். நெட் பில்லிங்னா கதை வேற. பூட்டுன வீட்டுல விளையறதுல 30 சதவீதம் நேரடியா செலவானாலே பெருசு, சனி ஞாயிறையும் சேர்த்துத்தான் சொல்றேன். அது 1,680 யூனிட். மிச்சம் 3,920 யூனிட் வெளிய போகும், அதுக்குக் கால் விலை குடுத்தாங்கன்னா 980 யூனிட்டுக்கு சமம். ஆக மொத்தம் 2,660. இப்போ வகுங்க, பத்தரை வருஷம். அதே பேனல், அதே கூரை, அதே மானியம், அஞ்சு வருஷம் பத்தரை ஆயிருச்சு. இன்னொண்ணும் போட்டுப் பாருங்க, மானியமே இல்லாம முழு விலை 40,000 யூனிட்டையும் நீங்களே குடுத்து, ஆனா முழு நெட் மீட்டரிங் இருந்தா 5,600ஆல வகுத்து ஏழு வருஷம் சொச்சம். மானியம் வாங்குனவர் பத்தரை வருஷம் காத்திருக்க, வாங்காதவர் ஏழு வருஷத்துல காசை எடுத்துட்டு போயிட்டார். எல்லாரும் மானியம் மானியம்னு ஓடும்போது எனக்கு வயித்தெரிச்சலா இருக்குறது இதனாலதான்.

ஜெர்மனியில வெயில் கம்மியா இருந்தும் ஏன் போட்டாங்கன்னா, 2000ல ஒரு சட்டம் கொண்டு வந்து, வெளிய அனுப்புற யூனிட்டுக்கு 20 வருஷத்துக்கு ஒரே விலைன்னு உறுதி குடுத்தாங்க. போடும்போது கையில கொஞ்சம் காசு குடுத்ததால இல்ல, 20 வருஷ வாக்கால மக்கள் கூரை ஏறுனாங்க. பிரிட்டன்ல அதே மாதிரி 2010ல ஆரம்பிச்சு 2019 மார்ச் கடைசியில புதுசா சேர்றவங்களுக்கு மூடிட்டாங்க, முன்னாடியே சேர்ந்தவங்களுக்கு பணம் தொடர்ந்து வருது. கலிஃபோர்னியாவுல 2023 ஏப்ரல் நடுவுல இருந்து புதுசா விண்ணப்பிச்சவங்களுக்கு ஏத்துமதி விலை, அதாவது வெளிய அனுப்புற யூனிட்டுக்குக் குடுக்குற விலை, சுமார் முக்கால்வாசி கொறஞ்சிருச்சு, ஒரு வாரம் முந்தி விண்ணப்பிச்சவருக்கு பழைய கணக்கு, ஒரு வாரம் பிந்தினவருக்கு புதுக் கணக்கு. நெதர்லாந்துல 2027 ஜனவரி 1ல இருந்து நெட் மீட்டரிங்கே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதனால கரெண்ட் ஆபீஸ்ல நீங்க நேர்ல போய்க் கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி. ஏத்துமதி பண்ற யூனிட்டுக்கு என்ன கணக்கு? அந்தக் கணக்கு எனக்கு எத்தனை வருஷத்துக்கு மாறாம இருக்கும்? வாயால சொன்னா தலையாட்டிட்டு வந்துராதீங்க, இணைப்பு ஒப்பந்தத்தோட மாதிரிக் காப்பி குடுங்கன்னு கேட்டு அதுல எந்த வரியில இருக்குன்னு விரல் வச்சுக் காட்டச் சொல்லுங்க.

மானியம் நிஜமாவே முடியுதா? முடியலாம், அதை நான் மறுக்கல. அமெரிக்காவுல வீட்டு சோலாருக்கு 30 சதவீத வரிச்சலுகை 2032 வரைக்கும் முழுசா ஓடும்னு 2022ல சட்டம் போட்டாங்க, 2025 ஜூலைல இன்னொரு சட்டம் வந்து அந்த டிசம்பர் 31ஓட முடிச்சு விட்டுட்டாங்க. ஆனா அங்கயும் அட்வான்ஸ் கட்டுன தேதி செல்லாது, வேலை முழுசா முடிஞ்ச தேதிதான் கணக்கு. அவசரமா அட்வான்ஸ் கட்டி, சாமான் வராம, ஜனவரில மாட்டி முடிச்சவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. உங்க ஊர் திட்டத்துல எந்தத் தேதி கணக்குன்னு அரசாங்கத்தோட சொந்த தளத்துல போய்ப் பாருங்க, கம்பெனி அனுப்புன வாட்ஸ்அப் படத்துல பாக்காதீங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள மாட்டி, இன்ஸ்பெக்ஷன் முடிச்சு, மீட்டர் மாத்தித் தர்றது நடக்காதுன்னா வெள்ளிக்கிழமை அட்வான்ஸால அவருக்குத்தான் லாபம்.

மானியம் எந்த ரூபத்துல வருதுங்கிறதும் பாக்கணும். சில எடத்துல கம்பெனியே கழிச்சுட்டு பில்லு போடும், சில எடத்துல முழுசா கட்டிட்டு அப்புறம் பேங்க் அக்கவுண்ட்ல வரும், அதுவரைக்கும் அந்தக் காசுக்கு வட்டி உங்க தலையில. வரிச்சலுகையா இருந்தா நீங்க அந்த அளவுக்கு வரி கட்டுற ஆளா இருக்கணும், வரியே கட்டாத ரிட்டயர்டு ஆளுக்கு கழிக்க என்ன இருக்கு? அப்புறம் உச்சவரம்பு. இந்தியாவுல 2024 பிப்ரவரில வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்துல 3 கிலோவாட்டைத் தாண்டி எவ்ளோ போட்டாலும் மானியம் ஒரு பைசா ஏறாது, இது தெரியாம பெருசா போட்டா மானியமும் பெருசா வரும்னு 5, 6 கிலோவாட் போட்டவங்களைப் பாத்திருக்கேன். இதுல எனக்கு ரொம்பக் கோவம் வர்ற ஒரு விஷயம், மானியம் அறிவிச்ச உடனே கொட்டேஷன் விலையும் சத்தமில்லாம ஏறிரும், கழிச்ச பிறகு பாத்தா போன வருஷ விலையே வந்து நிக்கும். அதனால மானியத்தைக் கழிக்காத விலையை மூணு கம்பெனிகிட்ட வாங்கி, கிலோவாட்டுக்கு எவ்ளோன்னு வகுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

யூனிட் விலை எதை எடுத்து வகுக்கணும்ங்கிறதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. ஸ்லாப் கணக்கு, அதாவது யூனிட் கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியா ஏறுற கணக்கு இருக்குற ஊர்னா சோலார் வெட்டுறது மேல இருந்து, அதாவது ரொம்ப விலை கூடுன ஸ்லாபை முதல்ல வெட்டும், அப்போ சராசரி விலையைப் போட்டா சோலாரைக் கொறைச்சு மதிப்பிட்டதா ஆயிரும், மொத்தமும் உச்ச ஸ்லாப் விலைன்னு போட்டா கூட்டி மதிப்பிட்டதா ஆயிரும், எந்த ஸ்லாப்ல எத்தனை யூனிட் கழியுதுன்னு ஒரு பில்லை எடுத்து வச்சு பென்சில்ல அடிச்சுப் பாருங்க. மாசாமாசம் நிலையான கட்டணம் இருக்குற ஊர்னா அது எங்கயும் போகாது, அதனால "பில்லே வராது"ங்கிறது சும்மா பேச்சு.

இப்போ உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பத்து நாளைக்கு காலையில ஏழு மணிக்கு மீட்டர் பாத்து ஒரு நோட்டுல எழுதுங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு யாராவது வீட்டுல இருந்தா அப்போ ஒரு தடவை, இல்லைன்னா வேலை விட்டு வந்து கதவைத் திறந்த கையோட, ஏசி போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எழுதுங்க. சனி ஞாயிறைத் தனியா குறிங்க. பகல் யூனிட் எவ்ளோ, ராத்திரி யூனிட் எவ்ளோன்னு கையில இருந்தா எந்த சேல்ஸ்காரரும் உங்களை ஏமாத்த முடியாது. நான் முதல் தடவை ஒரு கஸ்டமரை இப்படி எழுதச் சொன்னப்போ அந்தம்மா திட்டிக்கிட்டேதான் எழுதுனாங்க, பத்தாவது நாள் பாத்தா அவங்க வீட்டுப் பகல் செலவுல பாதி ஒரு பழைய தண்ணி மோட்டார், ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் கெட்டுப்போய் தொட்டி நிறைஞ்சும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. சோலாருக்கு முன்னாடி அந்த ஸ்விட்சை மாத்துனாங்க.

அதே நோட்டை வச்சுக்கிட்டு எந்த வேலையை எல்லாம் மதியத்துக்குத் தள்ளலாம்னு பாருங்க. வாஷிங் மெஷின்ல டைமர் இருக்கு, சுடுதண்ணி ஹீட்டருக்கு டைமர் போடலாம், மோட்டாரை மதியம் ஓட விடலாம், எலக்ட்ரிக் வண்டி வீட்டுல நிக்கிற நாள்ல பகல்ல சார்ஜ் போடலாம். இப்படித் தள்ளி நேரடிச் செலவை 30ல இருந்து 45 சதவீதமாக்கிட்டா அந்தப் பத்தரை வருஷம் எட்டரையா எறங்குது, ஒரு டைமர் விலைல ரெண்டு வருஷம் மிச்சம். ஏத்துமதிக்குக் கால் விலைதான்னா 4 கிலோவாட்டே உங்களுக்குத் தேவையில்ல. 2 கிலோவாட் போடுங்க, கிலோவாட்டுக்கு விலை கொஞ்சம் கூட வரும், 15,500 யூனிட்னு வைங்க, விளையற 2,800ல 1,500 வீட்டுலயே செலவாயிரும், எந்தப் பழக்கத்தையும் மாத்தாமலே எட்டரை வருஷம் வந்துருது, டைமரும் போட்டு 1,900 வரைக்கும் வீட்டுலயே ஓட்டுனா ஏழு வருஷம் சொச்சம். முழு நெட் மீட்டரிங்னா இந்தப் பத்தி முழுக்க மறந்துருங்க, 4 கிலோவாட்டே சரி.

நிழலைப் பத்தி சொல்லாம விட மனசு வரல, ஏன்னா நானே மாட்டுனேன். என் வீட்டுல 2015ல பத்து பேனல் ஒரே வரிசையா கோத்துப் போட்டிருந்தேன், ஜோரா ஓடிச்சு. மூணு வருஷம் கழிச்சு பக்கத்து வீட்டுக்காரர் மேல ஒரு மாடி எடுத்து அதுக்கு மேல தொட்டியும் வச்சுட்டார். ஒருநாள் லீவுல இன்வெர்ட்டர் (பேனல் கரெண்டை வீட்டுக் கரெண்டா மாத்துற பெட்டி) முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தேன். ஒம்பதரை மணிக்கு தொட்டியோட நிழல் மூணாவது பேனலோட ஓரத்துல வந்து நின்னுச்சு, ஒரு துண்டு விரிச்ச அளவுகூட இருக்காது, ஸ்க்ரீன்ல நம்பர் சடசடன்னு எறங்குது. பேனல்ல இருக்குற சின்னச் சின்னக் கட்டத்துல, அதாவது செல்லுல, ஒண்ணு இருட்டானா அந்தக் கோர்வையே அதோட சேர்ந்து இழுபடும், அந்தப் பகுதியை ஒதுக்கிவிட பேனலுக்குள்ள பைபாஸ் டையோடு இருக்கும், அது அந்தப் பேனல்ல மூணுல ஒரு பங்கையே ஒதுக்கிரும். நிழல் நகர்ந்து ரெண்டு மூணு பேனல்ல ஏறும்போது சேதம் அதிகம். போட்டுக் குடுத்தவங்களுக்கு போன் பண்ணேன், நம்பரே உபயோகத்துல இல்ல, 25 வருஷ வாரண்டி கார்டு மட்டும் பீரோவுல பத்திரமா இருக்கு. கடைசியில பேனலுக்கு ஒண்ணா ஆப்டிமைசர் (ஒரு பேனல் நிழல்ல மாட்டுனா மத்ததை இழுத்து விடாம பாத்துக்குற கருவி) மாட்டித்தான் ஓரளவுக்கு சரி பண்ணேன். அதனால கூரையோட போட்டோவை ஒம்பது மணி, பன்னெண்டு மணி, மூணு மணின்னு எடுத்து வைங்க, பக்கத்து மனை காலியா இருந்தா அங்க என்ன எழும்பும்னும் யோசிங்க. கூரையே ஒழுகுதுன்னா முதல்ல கூரை வேலை, அப்புறம் பேனல்.

ஊரே இருட்டா இருக்கும்போது நம்ம வீடு மட்டும் எரியும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. எரியாது. பேட்டரி இல்லாத சாதா சோலார் கரெண்ட் கட் ஆனா தானும் நின்னுரும், லைன்ல வேலை பாக்குறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படித்தான் வடிவமைச்சிருக்கு. பேட்டரியை இப்போதைக்கு விடுங்க, நோட்டு கையில வந்தப்புறம் பேசலாம்.

உங்க வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி, சண்டை போடாதீங்க. பேங்க்ல போட்டா வட்டியும் வரும் அசலும் இருக்கும், பேனல்ல போட்டா 25 வருஷம் கழிச்சு கூரை மேல பழைய கண்ணாடிதான் மிஞ்சும். அசல் கரையறதையும், பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் மாதிரி சோர்ந்து போறதையும், பத்துல இருந்து பதினஞ்சு வருஷத்துக்குள்ள ஒரு இன்வெர்ட்டர் மாத்துறதையும் கழிச்சுப் பாத்தா, எட்டு வருஷத்துல காசு திரும்புற சோலார் சுமாரா 10 சதவீத வட்டிக்கு சமம், மிச்சம் புடிச்ச பில்லுக்கு வரி கிடையாதுங்கிறது மேல ஒரு சந்தோஷம். பத்தரை வருஷம்னா ஆறு ஏழு சதவீதத்துக்கிட்ட வந்து நிக்கும், அப்போ உங்க ஊர் டெபாசிட் வட்டி என்னன்னு பாத்து அவர் சொன்னதையே கேக்கலாம். கடன் வாங்கிப் போடுறதா இருந்தா கடன் வட்டி இந்தச் சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வாடகைக்கு பேனல் தர்றோம்னு வந்தா, வருஷா வருஷம் வாடகை எவ்ளோ ஏறும், வீட்டை வித்தா அந்த ஒப்பந்தம் யார் தலையில விழும்னு கேட்டுட்டு மேற்கொண்டு பேசுங்க.

என்னைக் கேட்டா முழு நெட் மீட்டரிங், பத்து வருஷத்துக்கு மேல எழுத்துல உறுதின்னா மானியம் போனாலும் போடுங்க. ஏத்துமதிக்குக் கால் விலைன்னா 2 கிலோவாட், அதுவும் நோட்டுக் கணக்கு சரியா வந்தா மட்டும். மீட்டர் எழுதுற வேலையை வீட்டுக்காரர்கிட்டயே குடுத்துருங்க, சோலார் வேண்டாம்ங்கிற ஆளு எழுதுனா நம்பர்ல ஆசை கலக்காது. முடிஞ்சா ராத்திரி பதினொரு மணிக்கும் ஒரு தடவை எழுதச் சொல்லுங்க, பேட்டரி கணக்குக்கு அது வேணும். பத்து நாள் ஆனதும் நோட்டை ஒரு போட்டோ எடுத்து கொட்டேஷனோட கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்க.